இரு தாயரின் பிள்ளை

(வானொலி மறையுரை. பொதுக்காலம் 15-ஆம் வாரம், செவ்வாய். முதல் வாசகம்: விடுதலைப் பயணம் 2:1-15)



இன்றைய முதல் வாசகம் நம்மை நைல் நதிக்கரைக்கு அழைத்துச் செல்கிறது. எபிரேயருக்குப் பிறக்கும் ஆண் குழந்தைகளையெல்லாம் நதியில் எறிந்துவிட வேண்டும் என்பது மன்னன் கட்டளை. ஒரு தாய் தன் மகனை மூன்று மாதம் மறைத்து வளர்க்கிறாள். அதற்கு மேல் மறைக்க முடியவில்லை. ஒரு பேழையைச் செய்து, தண்ணீர் புகாதபடி கீல் பூசி, குழந்தையை அதில் கிடத்தி, நாணல்களுக்கிடையே வைக்கிறாள். அக்கா சற்றுத் தொலைவில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறாள். குளிக்க வந்த பார்வோனின் மகள் பேழையைத் திறக்கிறாள். உள்ளே குழந்தை அழுதுகொண்டிருக்கிறது. அவள் மனம் இரங்குகிறது.

இனம் வேறு, மொழி வேறு, வழிபாடு வேறு. ஆளும் இனத்துப் பெண் ஒருத்தி, அடிமை இனத்துப் பிள்ளையைத் தன் மகனாக்கிக்கொள்கிறாள். இன்று அரசு அலுவலகங்களில் 'நாடுகளுக்கிடையேயான தத்தெடுப்பு' என்று சொல்கிறார்களே, அதன் முதல் சாயலை நாம் இந்த நதிக்கரையில் காண்கிறோம்.

இந்த வாசகத்தை இன்று சிந்திக்கத் தனிப்பட்ட ஒரு காரணமும் உண்டு. சில மாதங்களுக்கு முன் எங்கள் பங்கு இல்லத்திற்கு இத்தாலியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. எழுதியவர்கள் ஒரு கணவனும் மனைவியும். அவர்களுடைய பங்கில் பணியாற்றும் நம் மறைமாவட்ட அருள்பணியாளர் ஒருவர் அதைத் தமிழாக்கி அனுப்பியிருந்தார். திருமணமாகிப் பல ஆண்டுகள் ஆகியும் அவர்களுக்குப் பிள்ளை இல்லை. தமிழ்நாட்டில் ஓர் இல்லத்தில் வளரும் ஆறு வயதுச் சிறுமியை மகளாக ஏற்க ஆயத்தமாகிக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் பெயரையோ, ஊரையோ, அந்தச் சிறுமி வளரும் இல்லத்தையோ நாங்கள் சொல்லப்போவதில்லை. அந்தப் பிள்ளையின் கதை அந்தப் பிள்ளைக்கே சொந்தம்.

இந்தியச் சட்டப்படி, ஐந்து வயது நிறைந்த குழந்தையைத் தத்துக்கொடுக்க அந்தக் குழந்தையின் சம்மதமும் வேண்டும். எனவே இந்தச் சிறுமியிடம் படத்தொகுப்பு ஒன்றைக் காட்டியிருக்கிறார்கள். இது உன் வீடு, இது உன் கட்டில், இவர்கள் உன் அப்பா அம்மா என்று ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிக் காட்டியபோது, அவள் ஒன்றே ஒன்றைத்தான் கேட்டாளாம்: "அங்க யாராவது தமிழ் பேசுவாங்களா?"

அந்தக் கேள்விதான் அந்தத் தம்பதியரை எங்களுக்குக் கடிதம் எழுத வைத்தது. மூன்று சந்தேகங்களைக் கேட்டிருந்தார்கள். ஒரு நாட்டிலிருந்து ஒரு குழந்தையை இப்படிக் கொண்டுபோவது முறைதானா? அவள் பெயரில் 'ழ' என்ற ஓர் எழுத்து இருக்கிறது, எங்கள் வாயில் அது நுழையவில்லை. வேறு பெயர் வைக்கலாமா? "என் அம்மா எங்கே?" என்று அவள் கேட்டால் என்ன சொல்வது? இந்த மூன்று கேள்விகளையும் இன்றைய வாசகத்தின் வெளிச்சத்தில் வைத்துப் பார்ப்போம்.

முதல் கேள்வி: இது முறைதானா?

இதைக் கேட்க அவர்களுக்குக் காரணம் இருந்தது. நாடு விட்டு நாடு தத்தெடுப்பதில் நடந்த கொடுமைகளை அவர்கள் படித்திருந்தார்கள். இலங்கை, வங்காளதேசம், இந்தோனேசியா, கொலம்பியா, பிரேசில் ஆகிய நாடுகளிலிருந்து பல ஆண்டுகளாகக் குழந்தைகள் நெதர்லாந்துக்குக் கொண்டுசெல்லப்பட்டதில் பெரும் முறைகேடுகள் நடந்ததாக ஒரு விசாரணைக்குழு அறிக்கை தந்தது. அதனால் 2021-இல் அந்நாடு வெளிநாட்டுத் தத்தெடுப்பையே நிறுத்திவைத்தது. நம் சென்னையிலும், தெருவோரம் உறங்கிய ஏழைகளின் பிள்ளைகள் கடத்தப்பட்டு, அநாதைகள் என்ற பொய்ப் பத்திரத்தோடு அயல்நாடுகளுக்கு அனுப்பப்பட்ட வழக்கு 2005-இல் வெளிவந்தது. தத்தெடுத்தவர்கள் ஒன்றும் அறியாத நல்லவர்களாக இருந்திருக்கலாம். ஆனால் இங்கே ஒரு தாய், காணாமற்போன மகனைத் தேடிக் காவல் நிலையத்துக்கு நடையாய் நடந்துகொண்டிருந்தாள்.

இத்தகைய அநீதியைத் தடுக்கத்தான் சட்டங்கள் வந்தன. 1982-இல் லட்சுமி காந்த் பாண்டே என்ற வழக்கறிஞர் நம் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். அந்தக் கடிதமே மனுவாக ஏற்கப்பட்டு, 1984-இல் முக்கியமான தீர்ப்பு வந்தது. 1993-இல் ஹேக் நகரில் ஒரு பன்னாட்டு ஒப்பந்தம் உருவானது. 2003-இல் இந்தியா அதை உறுதிப்படுத்தியது. இவையெல்லாம் சொல்லும் ஒழுங்கு ஒன்றே. குழந்தை முதலில் தன்னைப் பெற்றவர்களிடம் வளர வேண்டும். அது இயலாதபோது தன் சொந்த நாட்டிலேயே ஒரு குடும்பம் அதற்குக் கிடைக்க வேண்டும். அதுவும் கிடைக்காதபோதுதான் அயல்நாட்டின் கதவு திறக்கலாம். பிள்ளை இல்லாதவர்களுக்குப் பிள்ளை தேடித்தருவது இந்தச் சட்டங்களின் நோக்கம் அன்று. குடும்பம் இல்லாத பிள்ளைக்குக் குடும்பம் தேடித்தருவதே நோக்கம்.

இந்த வேறுபாட்டை அந்தத் தம்பதியர் துன்பத்தின் வழியாகத்தான் கற்றுக்கொண்டார்கள். இத்தாலியில் இளஞ்சிறார் நீதிமன்றம் தகுதிச் சான்று தராமல் யாரும் வெளிநாட்டிலிருந்து தத்தெடுக்க முடியாது. சமூகப் பணியாளரும் உளவியலாளரும் பலமுறை வந்து பேசுவார்கள். "உங்களுக்கு ஏன் பிள்ளை வேண்டும்?" என்று கேட்டபோது, "எங்கள் வீடு வெறுமையாக இருக்கிறது" என்று அழுதுகொண்டே சொன்னதாக அந்தப் பெண் எழுதியிருந்தார். அதற்கு அந்தப் பணியாளர், "உங்கள் வெறுமையை நிரப்பும் வேலையை ஒரு குழந்தைமேல் சுமத்தலாமா?" என்று கேட்டாராம். அன்றிரவு தூங்கவில்லை என்றும், ஆனால் அந்தக் கேள்விக்குப் பிறகே தாங்கள் பெற்றோராகத் தொடங்கியதாகவும் எழுதியிருக்கிறார்.

அதன் பின்னும் காத்திருப்பு நீள்கிறது. இந்தியாவில் மத்திய தத்தெடுப்பு ஆணையமான 'காரா'வின் தடையில்லாச் சான்று வேண்டும். மாவட்ட ஆட்சியரின் ஆணை வேண்டும். கடவுச்சீட்டு வேண்டும். ஏன் இவ்வளவு தாமதம் என்று நமக்கும் தோன்றும். ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். ஒரு தாய் தன் குழந்தையைக் குழந்தைகள் நலக்குழுவிடம் ஒப்படைத்துக் கையெழுத்திட்டாலும், மனம் மாறித் திரும்பி வந்து கேட்க அவளுக்கு 60 நாள் தரப்படுகிறது. அந்த 60 நாளும் யாரும் அந்தக் குழந்தையைத் தொட முடியாது. எங்கோ ஒரு நாட்டில் ஒரு தம்பதியரின் காத்திருப்பு, இங்கே ஓர் ஏழைத் தாய்க்குத் தரப்படும் அவகாசம். நதிக்கரையில் தொலைவில் நின்று, குழந்தைக்கு என்ன ஆகிறது என்று கண் எடுக்காமல் பார்த்த அக்காவின் வேலையைத்தான் இன்று சட்டம் செய்கிறது. எனவே, "முறையாக வந்தால் முறைதான், காத்திருங்கள்" என்று பதில் எழுதினோம்.

இரண்டாம் கேள்வி: பெயரை மாற்றலாமா?

பிறந்து சில நாளே ஆன குழந்தைக்குப் பெயர் வைப்பது வேறு. ஆறு வயதுப் பிள்ளைக்குத் தன் பெயர் தெரியும். அந்தப் பெயரைச் சொல்லி யாரோ அவளைச் சாப்பிட அழைத்திருக்கிறார்கள், யாரோ அவள் அழுகையை ஆற்றியிருக்கிறார்கள். அவள் தன்னோடு எடுத்துச் செல்லப்போகும் சொத்து மிகக் குறைவு. ஒரு சிறிய பை, சில உடைகள், ஒரு பெயர். அந்தப் பெயரையும் வாங்கி வைத்துக்கொண்டால் அவளிடம் மிஞ்சுவது என்ன?

"திருமுழுக்கில் ஒரு புனிதர் பெயரைச் சேர்த்துக்கொள்ளுங்கள், தடையில்லை. ஆனால் அவள் பெயரை அவளிடமே விட்டுவிடுங்கள். 'ழ' வருவதற்கு நாக்கைச் சற்று மடிக்க வேண்டும். ஆறு வயதுப் பிள்ளை உங்களுக்காக ஒரு மொழியையே கற்கப்போகிறது. அவளுக்காக நீங்கள் ஓர் எழுத்தைக் கற்கலாம்" என்று எழுதினோம். எங்கள் பங்கில் பணியாற்றும் அருள்சகோதரி ஒருவர் அந்தப் பெயரையும் சில சொற்களையும் கைபேசியில் பேசிப் பதிவுசெய்து அனுப்பினார். பசிக்குதா, வலிக்குதா, தண்ணி வேணுமா, தூக்கம் வருதா, பயப்படாதே, நாங்க இருக்கோம். இவைதான் முதல் மாதத்துக்கு வேண்டிய தமிழ். இப்போது இரவு உணவு மேசையில் கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் "பசிக்குதா?" என்று கேட்டுப் பழகுகிறார்களாம். சோறு குழைய வடிக்கவும், மிளகு ரசம் வைக்கவும், தலைக்குத் தேங்காய் எண்ணெய் தேய்த்துச் சிக்கெடுத்துப் பின்னவும் அந்தப் பெண் கற்றுக்கொண்டிருக்கிறார்.

இங்கே நாம் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இப்படி ஒரு பிள்ளை வெளிநாட்டுக்குப் போகிறது என்றால் நம் வாயில் முதலில் வரும் சொல், "கொடுத்து வைத்த பிள்ளை" என்பதுதான். நல்ல மனத்தோடுதான் சொல்கிறோம். ஆனால் அந்தப் பிள்ளையின் பக்கம் நின்று பாருங்கள். ஏற்கெனவே ஒருமுறை தாயை இழந்தவள். இப்போது பக்கத்துப் பாயில் படுத்த தோழியை இழக்கிறாள். தலைவாரிவிட்ட அக்காவை இழக்கிறாள். காதில் விழும் மொழியை, தெருவின் சத்தத்தை, தட்டில் விழும் சோற்றின் மணத்தையும் இழக்கிறாள். இத்தனையும் இழந்த பிறகுதான் ஒரு குடும்பத்தைப் பெறுகிறாள். அவள் அழுவாள். சில நாள் சாப்பிட மறுப்பாள். கொடுத்த பொம்மையைத் தூக்கி எறியக்கூடும். "உனக்காக எவ்வளவு செய்தோம், நன்றி இல்லையே" என்று அப்போது நினைக்கும் பெற்றோர் தோற்றுப்போவார்கள். அந்த அழுகையைப் பக்கத்தில் உட்கார்ந்து தாங்கிக்கொள்ளத் துணிகிறவர்களே உண்மையான பெற்றோர். பார்வோனின் மகள் கேட்ட முதல் குரலும் ஓர் அழுகைதானே. அழாத குழந்தையையா அவள் தூக்கினாள்?

மூன்றாம் கேள்வி: "என் அம்மா எங்கே?"

பார்வோனின் மகள் பேழையைத் திறந்தவுடன் சொன்ன முதல் செய்தி, இது எபிரேயரின் குழந்தை என்பதே. அவள் அதை அறிந்திருந்தாள், மறைக்கவுமில்லை. பால் கொடுத்து வளர்க்க எபிரேயப் பெண் ஒருத்தியையே ஏற்பாடு செய்தாள். அப்படி வந்தவள் பெற்ற தாயேதான். மோசே அந்தத் தாயிடம் பால் குடித்தார். இந்தத் தாயிடம் அரண்மனையில் வளர்ந்தார். பெரியவரானதும் தம் இனத்தாரிடம் சென்று அவர்களுடைய சுமைகளைப் பார்த்தார் என்று வாசகம் சொல்கிறது. தாம் யார் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. பெற்றவளும் வளர்த்தவளும் சேர்ந்தே கடவுளின் மீட்புத் திட்டத்துக்கு ஒரு மகனைத் தந்தார்கள்.

இத்தாலியச் சட்டம், தத்தெடுத்த செய்தியைப் பிள்ளைக்குச் சொல்வது பெற்றோரின் கடமை என்கிறது. ஆறு வயதுச் சிறுமிக்கு இது தெரியாத செய்தி அல்ல. அவளுக்குத் தெரிய வேண்டியது, தன் அம்மா கெட்டவளா என்பதுதான். அந்தத் தாய் ஏன் விட்டுப்போனாள் என்று நமக்குத் தெரியாது. தெரியாததைப் புனைந்து சொல்ல வேண்டாம். அவளைப் பற்றி ஒரு கடுஞ்சொல்லும் சொல்ல வேண்டாம். "உன் அம்மாவால் உன்னை வளர்க்க முடியவில்லை. அதில் உன் தவறு ஒன்றும் இல்லை. நாம் அவருக்காகச் செபிப்போம்" என்று சொல்லுங்கள் என்றோம். இரவுச் செபத்தில் அந்தத் தாய்க்கும் ஓர் இடம் கொடுக்கும் வீட்டில், பிள்ளை பயமின்றி எதையும் கேட்கும்.

அன்பானவர்களே, இது இத்தாலியத் தம்பதியருக்கு மட்டும் சொன்ன பதில் அன்று. நம் வீடுகளில் தத்தெடுப்பு இன்னும் இரகசியமாகவே இருக்கிறது. வயிற்றில் துணி கட்டிக்கொண்டு கருவுற்றவர் போல் நடித்தவர்கள் உண்டு. வேறு ஊருக்குக் குடிமாறிப் போனவர்களும் உண்டு. பிறகு ஒருநாள் சொத்துத் தகராறிலோ திருமணப் பேச்சிலோ ஓர் உறவினர், "நீ இந்த வீட்டு இரத்தமா?" என்று கேட்டுவிடுகிறார். இருபது வயதில் அதைக் கேட்கும் பிள்ளையின் நெஞ்சு என்ன பாடுபடும்? அதுவரை பெற்றோர் சொன்ன எல்லாமே அந்த ஒரு நாளில் பொய்யாகத் தோன்றும்.

இரத்தம் என்று பேசுகிறவர்கள் மத்தேயு நற்செய்தியின் முதல் அதிகாரத்தைத் திறந்து பார்க்கட்டும். ஆபிரகாமில் தொடங்கும் தலைமுறை அட்டவணை யோசேப்பில் வந்து முடிகிறது. இயேசு தாவீதின் மகன் என்று அழைக்கப்படுவது யோசேப்பின் வழியாக. ஆனால் யோசேப்பின் இரத்தம் இயேசுவிடம் இல்லை. யோசேப்பு அவருக்குப் பெயரிட்டார், அதனால் தந்தையானார். இரத்தம் மட்டுமே உறவென்றால், நற்செய்தியின் முதல் பக்கமே பொருளற்றுப் போகும். திருத்தூதர் பவுலும் உரோமையருக்கும் கலாத்தியருக்கும் எழுதும்போது, நாம் கடவுளின் பிள்ளைகளானதைத் தத்தெடுப்பைக் குறிக்கும் சொல்லாலேயே சொல்கிறார். பழைய மொழிபெயர்ப்பில் அது 'புத்திர சுவிகாரம்' என்று இருந்தது. திருமுழுக்குப் பெற்ற நாம் அனைவரும் தத்துப்பிள்ளைகளே. திருத்தந்தை பிரான்சிஸ் 2022 சனவரி 5 அன்று புனித யோசேப்பைப் பற்றிய தம் புதன் மறைக்கல்வி உரையில், தத்தெடுக்கத் தயங்கும் தம்பதியருக்கு ஊக்கம் தந்ததை இங்கு நினைவுகூர்வோம்.

இன்றைய வாசகம் நம்மிடம் கேட்கும் மூன்று செயல்கள் உண்டு.

ஒன்று, பேழையே தேவைப்படாத நிலையை உருவாக்குவோம். யோக்கபேதைப் பிள்ளையிடமிருந்து பிரித்தது ஒரு மன்னனின் கொடுமை. இன்று ஒரு தாயைப் பிரிப்பது பெரும்பாலும் வறுமை, அவமான பயம், கைவிட்ட ஆண். திருமணமாகாமல் கருவுற்ற பெண் நம் அன்பியத்தில் இருந்தால், அவளைப் பற்றிப் பேசுவதை நிறுத்தி அவளோடு பேசத் தொடங்குவோம். அப்படியும் வளர்க்க இயலாத நிலை வந்தால் 1098 என்ற எண் இருக்கிறது, குழந்தைகள் நலக்குழு இருக்கிறது, 1992-இல் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் இருக்கிறது. மருத்துவமனை வாசலில் கைமாற்றிக் கொடுப்பதும் பணம் வாங்குவதும் சட்டப்படி குற்றம். அது பாவமும்கூட.

இரண்டு, பிள்ளை இல்லாத தம்பதியர் துணிந்து முன்வரலாம். 1956-ஆம் ஆண்டின் தத்தெடுப்புச் சட்டம் இந்துக்களுக்கு உரியது. கிறிஸ்தவர்களாகிய நமக்கு நெடுங்காலம் 1890-ஆம் ஆண்டுச் சட்டப்படி பாதுகாவலர் என்ற பெயரே கிடைத்தது. இன்று அந்த நிலை மாறிவிட்டது. 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி எம்மதத்தவரும் தத்தெடுக்கலாம். பிள்ளைக்குச் சொந்தப் பிள்ளையின் எல்லா உரிமையும் உண்டு. வளர்ந்த பிள்ளைகளையும் உடற்குறை உள்ள பிள்ளைகளையும் நம் நாட்டில் கேட்பார் குறைவு. அவர்களில் பலருக்கு அயல்நாட்டுக் கதவே திறக்கிறது. சிவந்த நிறம், கைக்குழந்தை, குறையில்லா உடல் என்று தேடுகிற நாம், ஆறு வயதுப் பிள்ளையைத் தேடி ஏழு கடல் தாண்டி வருகிறவர்களைப் பார்த்துச் சற்று நாணத்தோடு சிந்திக்கலாம்.

மூன்று, நம் நாவைக் காப்போம். இரயிலிலோ விமான நிலையத்திலோ கோவிலிலோ இப்படியொரு குடும்பத்தைக் கண்டால் உற்றுப் பார்க்க வேண்டாம். "சொந்த அம்மா யார்?" என்று கேட்க வேண்டாம். "கொடுத்து வைத்தவள்" என்றும் சொல்ல வேண்டாம். அந்தப் பிள்ளையிடம் தமிழில் இரண்டு வார்த்தை இயல்பாகப் பேசுங்கள். "பேர் என்ன? சாப்பிட்டியா?" அது போதும். வழியில் கேட்கும் அந்த இரண்டு வார்த்தை அவளுக்கு நெடுநாள் துணையாக இருக்கக்கூடும்.

செபிப்போம்: அன்புத் தந்தையே, உம் திருமகனை ஒரு தச்சரின் கைகளில் ஒப்படைத்தவரே, வீடு தேடும் எல்லாப் பிள்ளைகளையும் உம்மிடம் அர்ப்பணிக்கிறோம். பிள்ளையைப் பிரிந்து வாழும் தாய்மார்களின் கண்ணீரை நீரே துடைப்பீராக. அவர்களை யாரும் இகழாதிருக்கச் செய்வீராக. தத்தெடுக்கக் காத்திருக்கும் தம்பதியருக்குப் பொறுமையையும், பிள்ளையின் துயரைத் தாங்கும் நெஞ்சத்தையும் தாரும். ஆறு வயதில் கடல் கடந்து செல்லும் அந்தச் சிறுமியின் முதல் இரவில் நீர் அருகில் இரும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.